விதியும் எழுவாயும்

மர்ஃபியின் விதி என்று உலகம் சொல்லிக்கொண்டிருப்பதை மர்ஃபி சொல்லவில்லை. அவர் சொன்னது ஒரு ஆளைப் பற்றி, அதுவும் எரிச்சலில்.

1949ல் கலிபோர்னியாவின் பாலைவனத்தில், அப்போது மியூராக் என்றும் பிறகு எட்வர்ட்ஸ் என்றும் பெயர்கொண்ட விமானப் படைத்தளத்தில், ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தின் மேல் ராக்கெட்டால் உந்தப்படும் சறுக்கு வண்டி. அது பெரும் வேகத்தில் போய்ச் சட்டென்று நிற்கும். அதில் வாரால் கட்டுண்டு உட்கார்ந்திருக்கும் உடல் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதுதான் கேள்வி. தன் உடலையே அதற்குக் கொடுத்தவர் ஜான் பால் ஸ்டாப் என்ற ராணுவ மருத்துவர். இந்தச் சோதனைகளில் அவருக்கு விலா எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருக்கின்றன. அதிர்ச்சியை அளக்கும் கருவிகளோடு ஒஹையோவிலிருந்து வந்து சேர்ந்தவர் எட்வர்ட் மர்ஃபி, பொறியாளர். வண்டி ஓடி நின்றபின் பார்த்தால் கருவிகள் காட்டிய அளவு பூஜ்யம். ஒவ்வொரு கருவியையும் இரண்டு விதமாகப் பொருத்தலாம். அத்தனையும் தவறான விதத்தில் பொருத்தப்பட்டிருந்தன. மர்ஃபி தன் உதவியாளரை மனத்தில் வைத்துச் சொன்னார்: தப்பாகச் செய்ய ஒரு வழி இருந்தால் அவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். அதை மர்ஃபியின் விதி என்று பெயரிட்டு அழைக்கத் தொடங்கியவர், அதே திட்டத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் நிக்கல்ஸ். இவ்வளவு அபாயமான சோதனைகளில் உயிர்ச்சேதம் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, மர்ஃபியின் விதியை நம்புகிறோம், அதை மீறி வர முயற்சி செய்கிறோம் என்கிற மாதிரி ஸ்டாப் பதில் சொல்ல, வாக்கியம் வெளியே போயிற்று.

அன்று உச்சரிக்கப்பட்ட சொற்கள் எவை என்பதில் அங்கே இருந்தவர்களே பிற்காலத்தில் ஒத்துப்போகவில்லை. அது பெரிய விஷயமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வாக்கியத்தின் எழுவாய். முதலில் அது 'அவன்'. குறிப்பிட்ட ஒரு உதவியாளன். நிக்கல்ஸும் ஸ்டாப்பும் எடுத்துக்கொண்டபோது அது 'யாரோ ஒருவர்' ஆயிற்று: ஒரு வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம், அதில் ஒன்று நாசத்தில் முடியும் என்றால், யாரோ ஒருவர் என்றைக்காவது அப்படித்தான் செய்வார். வாக்கியத்தின் நல்ல காலம் இதுதான் என்பேன். இந்த வடிவத்தில் அது உதவியாளனை விட்டுவிட்டு, கருவியை உண்டாக்கியவன் பக்கம் திரும்புகிறது. இரண்டு விதமாகப் பொருந்தும்படி அதை ஏன் செய்தாய்? நம் வீட்டுச் சுவரிலிருக்கும் மூன்று துளை பிளக்கில் மேல் துளை மட்டும் பெரிது; எவ்வளவு அவசரத்திலும் யாரும் அதைத் தலைகீழாகச் சொருக முடியாது. சிம் கார்டின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறது. யாரோ எங்கோ உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவரின் பதற்றத்தை முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்டக் கருணை என்று சொல்லத் தோன்றுகிறது. பொறியியல் பற்றி இந்தச் சொல்லை உபயோகிப்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது நிலையில் எழுவாய் 'ஏதாவது' என்றாகிவிட்டது. ஏதாவது கெட்டுப்போக முடியுமானால் கெட்டுப்போகும். ஆள் இல்லை, செய்தவனும் இல்லை, செய்யும்படி விட்டவனும் இல்லை. 1977ல் ஆர்தர் ப்ளாக் என்பவர் இம்மாதிரி விதிகளைத் திரட்டி மர்ஃபியின் பெயரால் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு சுவரொட்டி, காப்பிக் கோப்பை, நாட்காட்டி. வெண்ணெய் தடவிய ரொட்டி, தடவிய பக்கம் கீழாகத்தான் விழும். நாம் நிற்கும் வரிசைதான் நகராது. நமக்கு இது புதிதும் அல்ல. பட்ட காலிலே படும் என்று எப்போதோ சொல்லி வைத்துவிட்டோம். மர்ஃபிக்கு இந்த வேடிக்கை வடிவங்கள் பிடிக்கவில்லை, தன் பெயரிலுள்ளது வடிவமைப்பு பற்றிய காரியார்த்தமான தத்துவம் என்றே அவர் கடைசிவரை நினைத்தார் என்கிறார்கள். 1990ல் இறந்தார்.

ஆங்கிலத்தில் இவை 'லா'. இயற்பியலின் கம்பீரத்தைக் கிண்டலுக்காகக் கடன் வாங்கிக்கொண்ட சொல். சட்டம் என்ற அர்த்தமும் அதில் ஒலிக்கும். தமிழில் நாம் 'விதி' என்று போட்டுவிடுகிறோம். இலக்கண விதி, நியூட்டன் விதி, தலைவிதி எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மொழிபெயர்ப்பின் பிழை என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. இந்த வாக்கியங்கள் போய்ச்சேர்ந்த இடத்தை ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் சரியாகவே காட்டிவிடுகிறது. ஒரு தவறைத் தடுப்பதற்காகச் சொல்லப்பட்டது, தடுக்க முடியாது என்ற ஆறுதலாக மாறுகிறது. எல்லா விதிகளும் ஒரே வழியில் இப்படிப் போகவில்லை. ஆனால் பெரும்பாலும், போகிற வழியில் ஆள் காணாமல் போகிறான்.

இலக்கியக்காரர்களுக்குப் பழக்கமான ஒன்று ஸ்டர்ஜன் விதி. எதை எடுத்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பை. புதுக் கவிதையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது இதை உதிர்ப்பார்கள், மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமில்லை என்ற நிம்மதியோடு. தியோடர் ஸ்டர்ஜன் அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர். விஞ்ஞானக் கதைகளின் மிக மோசமான உதாரணங்களைப் பொறுக்கி எடுத்து, இதுதான் இந்த வகை என்று விமர்சகர்கள் இருபது வருஷமாக அடித்துக்கொண்டிருந்ததற்கு அவர் 1950களில் சொன்ன பதில் அது. தொண்ணூறு குப்பைதான், ஆனால் எந்தத் துறையில் இல்லை? ஆகவே தொண்ணூறைக் காட்டி ஒரு துறையை நிராகரிக்காதே, மீதிப் பத்தை வைத்துப் பேசு என்பது வாதம். தற்காப்புக்காக எடுத்த கேடயம் இன்று தடியாகப் பயன்படுகிறது. இன்னொரு வேடிக்கை: ஸ்டர்ஜன் தன் விதி என்று சொல்லிக்கொண்டது வேறு. எதுவும் எப்போதும் முற்றாக அப்படியே இருப்பதில்லை என்பது அது. தொண்ணூறு சதவீதத்தை அவர் விதி என்று சொல்லவில்லை. தனக்கு வெளிச்சமான ஒன்று என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருந்தார். விமர்சகனுக்கு அதிகம் உதவக்கூடியது அந்த முதல் விதிதான். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

(எந்தக் கண்டுபிடிப்புக்கும் அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் அமைவதில்லை என்று புள்ளியியல் வரலாற்றாசிரியர் ஸ்டீஃபன் ஸ்டிக்ளர் 1980ல் ஒரு விதி எழுதினார். இதை உண்மையில் கண்டவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் என்று அவரே சொல்லிவிட்டு, ஸ்டிக்ளர் விதி என்று தன் பெயரையே வைத்துக்கொண்டார். இந்த வகை எழுத்தில் குறையே இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான்.)

பார்க்கின்ஸன் விஷயம் எனக்குச் சற்றுச் சொந்தமானது. சில வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த கிளையில் கவுண்டருக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கப்போனோம். மூன்று பேர் செய்த வேலையை இருவர் செய்துகொண்டிருந்தோம். பென்ஷன் நாட்களில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். மேலாளர் படித்தவர், கெட்டவரும் அல்ல. சிரித்துக்கொண்டே, "பார்க்கின்ஸன் விதி தெரியுமா சார் உங்களுக்கு? நேரம் எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்கு வேலை நீளும். ஆளைக் கூட்டினால் வேலைதான் கூடும்" என்றார். எனக்கு விதி தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போய் மூலத்தை எடுத்துப் படித்தேன்.

நார்த்கோட் பார்க்கின்ஸன் கடற்படை வரலாற்றாசிரியர். 1950 முதல் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1955 நவம்பரில் லண்டனின் 'எகானமிஸ்ட்' பத்திரிகையில் கட்டுரை வந்தபோது கையெழுத்துக்கூட இல்லை. வேலை கிடைத்த நேரமெல்லாம் பரவி நிரப்பும் என்ற வாக்கியம் அதன் ஆரம்பம்தான். அதற்கு உதாரணமாக, மருமகளுக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போட ஒரு நாள் முழுவதையும் செலவழிக்கும் கிழவியம்மாள் வருகிறாள். மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் இங்கேயே இறங்கிக்கொள்கிறார்கள். கட்டுரையோ இங்கிருந்துதான் கிளம்புகிறது. அது போகிற இடம் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமை அலுவலகம்.

1914ல் சேவையிலிருந்த பெரும் போர்க் கப்பல்கள் 62, 1928ல் 20. மாலுமிகளும் அதிகாரிகளுமாகக் கடற்படையினர் 146,000 பேர் 100,000 ஆனார்கள். கப்பல் துறைத் தொழிலாளர்கள் 57,000 பேர் 62,439 ஆனார்கள். நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான ஏற்றம். கப்பல் துறையின் அலுவலர்களும் குமாஸ்தாக்களும் 3,249லிருந்து 4,558. தலைமை அலுவலக அதிகாரிகள்? 2,000 பேர் 3,569 ஆனார்கள். எழுபத்தெட்டு சதவீதத்துக்கும் மேலே. பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் இது சோம்பேறித் தொழிலாளியின் கதை இல்லை என்பது விளங்கும். தொழிலாளர் கணக்கு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. வீங்குவது தலை.

பார்க்கின்ஸன் கொடுக்கும் காரணங்கள் இரண்டு. அதிகாரிக்குக் கீழ்ப்பணியாளர் வேண்டும், போட்டியாளர் வேண்டாம். ஆகவே வேலை மிகும்போது ஒருவரைச் சமமாகச் சேர்த்துக்கொள்ளாமல் இருவரைத் தனக்குக் கீழே சேர்த்துக்கொள்கிறார். அடுத்தது, அதிகாரிகள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் செய்ததை ஏழு பேர் செய்யும் நிலை வந்தபோது, அந்த ஏழு பேரில் ஒருவர்கூடச் சும்மா இருப்பதில்லை என்பதுதான் கட்டுரையின் விஷம். எல்லோரும் மெய்யாகவே களைத்துப்போய் இருள் கவிந்த பிறகு வீடு திரும்புகிறார்கள். ஒரு நாவலாசிரியனுக்குரிய பார்வை அது. பார்க்கின்ஸன் யாரையும் வெறுக்கவில்லை.

காலனி அலுவலகக் கணக்கு இன்னும் கூர்மையானது. 1935ல் 372 பேர். 1947ல் 1,139. 1954ல் 1,661. இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கு நடுவே 1948 இருக்கிறது. இலங்கை அந்த அலுவலகத்தின் கையைவிட்டுப் போன வருஷம், பாலஸ்தீனமும் போன வருஷம். ஆள்வதற்கான நிலம் சுருங்கச் சுருங்க, ஆள்வதற்கான ஆட்கள் பெருகினார்கள். இதை எழுதியவர் லண்டனில் உட்கார்ந்து எழுதவில்லை, போகப்போகிற ஒரு காலனியின் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதினார் என்பது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகம் 1957ல் அமெரிக்காவிலும் அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வந்து, அவர் புகழ் பெற்றார். பல்கலைக்கழக வேலையை விட்டார். நிர்வாகத்தைப் பார்த்துச் சிரித்த புத்தகம் நிர்வாகிகளின் அலமாரியில் ஏறியது. அங்கே கிழவியம்மாள் தங்கிவிட்டாள், பட்டியல் உதிர்ந்துவிட்டது. சாம்ராஜ்யத்தின் தலைமையகத்தைப் பற்றிச் சொன்ன வாக்கியம், பென்ஷன் நாளில் கவுண்டருக்கு ஆள் கேட்கிறவன் மேல் வந்து விழுகிறது.

எழுவாயைத் தேடிப் போனால் இதற்கு நேர்மாறான ஒரு விதியும் அகப்படுகிறது. கார்டன் மூர் 1965ல் ஒரு மின்னணுவியல் பத்திரிகையில், ஒரு சில்லில் அடக்கக்கூடிய பாகங்கள் வருஷத்துக்கு இரட்டிப்பாகின்றன, இப்படியே போனால் 1975ல் 65,000 ஆகும் என்று எழுதினார். 1975ல் அதைத் திருத்தி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்றார். விதி என்ற பெயரைப் பரப்பியவர் கார்வர் மீட் என்ற பேராசிரியர். இன்று அது புவியீர்ப்புபோல, தானாக நடந்த ஒன்றுபோலப் பேசப்படுகிறது. உண்மையில் அந்தக் கோட்டைத் தொடுவதற்காகக் கம்பெனிகள் கூடி உட்கார்ந்து, எந்த வருஷத்தில் எந்த நுணுக்கம் வந்தாக வேண்டும் என்று திட்ட வரைபடம் போட்டுக்கொண்டு வேலை செய்தன. 2016ல் அந்த வரைபடப் பணியை நிறுத்திக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் எத்தனையோ ஆயிரம் பேர் ராப்பகலாக நின்று நிறைவேற்றிய ஒரு தீர்மானத்துக்கும் இயற்கை விதி என்றே பெயர்.

என் தொழிலுக்கு மிக அருகே வரும் விதி குட்ஹார்ட்டுடையது. சார்லஸ் குட்ஹார்ட் இங்கிலாந்து வங்கியில் நாணயக் கொள்கை ஆலோசகராக இருந்தவர். பணப் புழக்கத்துக்கும் வட்டி, வருமானம் முதலியவற்றுக்கும் நிலையான ஒரு உறவு இருப்பதாகப் பொருளாதார அறிஞர்கள் புள்ளிவிவரத்தில் கண்டிருந்தார்கள். 1971ல் பிரிட்டன் வங்கிக் கடன் கட்டுப்பாட்டு முறையை மாற்றி, அந்த உறவை நம்பிக் கொள்கை வகுக்கத் தொடங்கியதும் உறவு அறுந்துவிட்டது. 1975ல் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி கூட்டிய ஒரு மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையில் குட்ஹார்ட் இதைப் போகிறபோக்கில், பாதி வேடிக்கையாகக் குறிப்பிட்டார்: புள்ளிவிவரத்தில் தென்படும் எந்த ஒழுங்கும், கட்டுப்படுத்துவதற்காக அதன் மேல் கையை வைத்து அழுத்தினால் குலைந்துபோகும். நுட்பமான, தொழில் சார்ந்த குறிப்பு. கேட்டவர்கள் கேட்டிருக்கலாம். 1979ல் ஆட்சிக்கு வந்த தாட்சர் அரசு, 1980ல் எம்-3 என்ற பண அளவைக்கே வருஷத்துக்கு 7 முதல் 11 சதவீதம் என்று இலக்கு வைத்தது. அளவு மேல் வரம்பை வெகுதூரம் தாண்டிப் போயிற்று. வட்டியோ உயரத்தில் நின்றது. 1982 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் முப்பது லட்சத்தைக் கடந்திருந்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அந்த இலக்கைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

இன்று எல்லோர் வாயிலும் இருக்கிற வடிவம், அளவுகோல் இலக்கானால் நல்ல அளவுகோலாக இருப்பது நின்றுவிடும் என்பது, குட்ஹார்ட்டின் வாக்கியம் அல்ல. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மேல் தணிக்கை முறைகள் வந்து கவிந்ததைப் பற்றி எழுதும்போது மானிடவியலாளர் மெரிலின் ஸ்ட்ராதர்ன் 1997ல் கொடுத்த வடிவம் அது. அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1976லேயே ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார், கூடுதலாக ஒன்றோடு: எண்ணை வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால், எண் மட்டும் கெடுவதில்லை, எதை அளக்கப் போனோமோ அந்தக் காரியமே கெடும். ஸ்ட்ராதர்ன் வாக்கியம் அழகானது. ஆனால் குட்ஹார்ட்டின் வாக்கியத்தில் 'அழுத்துதல்' என்று ஒன்று இருந்தது. அழுத்துவதற்கு ஒரு கை வேண்டும். அழகான வடிவத்தில் அளவுகோல் தானாகவே இலக்காகி, தானாகவே கெட்டுப்போகிறது.

எங்கள் உலகத்தில் கை நன்றாகவே தெரியும். மார்ச் 31ம் தேதி மாலைக்குள் டெபாசிட் இவ்வளவு என்று சுற்றறிக்கை வரும். தெரிந்த வியாபாரிகள் வீட்டுக்குப் போய், இரண்டு நாளைக்கு மட்டும் சார் என்று கெஞ்சிப் பணத்தைக் கொண்டுவந்து வைப்போம். ஏப்ரல் முதல் வாரத்தில் அது வந்த வழியே போய்விடும். அந்த ஒரு நாள் இரவில் கிளை பணக்காரக் கிளை. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது தெரியும், ஏனென்றால் அவர்களும் ஒரு காலத்தில் வியாபாரிகள் வீட்டுப் படியேறியவர்கள்தாம்.

2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தது. இதுவரை வங்கியின் வாசல் ஏறாதவர்களுக்குக் கணக்கு. நல்ல காரியம் என்றே நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கணக்குகள் திறந்தன, பெரும்பாலும் இருப்பு பூஜ்யத்தோடு. பூஜ்ய இருப்புக் கணக்குகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது அடுத்த நெருக்கடி. 2016ல் ஒரு நாளிதழ், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில்கள் வாங்கி, பல வங்கிகளில் ஏராளமான கணக்குகளில் ஒரே ஒரு ரூபாய் மட்டும் இருப்பதையும், ஊழியர்களே அதைப் போட்டிருப்பதையும் வெளியிட்டது. எங்களில் யாருக்கும் அது செய்தியாக இருக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு அம்மாள் பாஸ்புக்கோடு என் கவுண்டருக்கு வந்தார். பூ கட்டி விற்பவர். கணக்குத் திறந்த பிறகு பணம் போட முடியாமலேயே இருந்தவர். புத்தகத்தை மிஷினில் விட்டுப் பதிந்து கொடுத்தேன். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பி வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னா தம்பி?"

"ஒரு ரூபா வரவு வச்சிருக்கும்மா."

"நான் போடலையே. யாரு போட்டது?"

தேதி இருந்தது. தொகை இருந்தது. செலுத்தியவர் பெயருக்கு அந்த அச்சில் இடமே கிடையாது. பக்கத்து மேஜையில் என் நண்பன் தலை நிமிராமல் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.